தவளை குதிக்கும்

மூன்று வருடத்துக்கு முன்பு நண்பன் ஒருவன் சொன்ன வார்த்தை இன்னும் எனக்குள் அடங்கவில்லை. தோக்கியோவின் நிஷி கசாயில், என் அறையில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். அவன் ஜப்பானிய மொழித் தேர்வில் மேல்நிலையான என்1 முடித்தவன், அலுவலகக் கூட்டங்களில் இரு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துச் சொல்கிறவன். மேசையில் கிடந்த என் நோட்டை எடுத்துப் புரட்டினான். பக்கத்துக்கு ஒரு ஹைக்கூ, அதன் கீழே சொல் சொல்லாகப் பிரித்து எழுதிய பொருள். பத்துப் பக்கம் பார்த்துவிட்டு, "குறுந்தொகைய மட்டும் படிச்சுட்டுக் கோயம்பேட்டுல போய்க் காய்கறி வாங்கற மாதிரி இருக்குடா நீ பண்றது" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னான். அதனால்தான் தைத்தது.

அவன் சொன்னதற்குச் சாட்சி அடுத்த மாதமே கிடைத்தது. கியோசுமி தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஹைக்கூக் கவிஞர் பாஷோ 1680இல் குடிவந்த ஃபுககாவா பகுதி அது. தோட்டத்துக் குளத்தை ஒட்டிய புல்வெளியில் அவருடைய தவளைக் கவிதையைச் செதுக்கிய கல் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் ரப்பர் தவளை ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். நான் குனிந்து அதைக் காட்டி, "கவஸு" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, தப்பைத் திருத்துகிற பொறுமையோடு, "கயெரு" என்றான். அவனுக்குத் தெரிந்த தவளை அதுதான். கவஸு கவிதைக்குள் மட்டும் உயிரோடு இருக்கிற சொல். மயிலைக் காட்டி ஒரு வெளிநாட்டவர் நம் வீட்டுக் குழந்தையிடம் 'மஞ்ஞை' என்றால் அது எப்படி விழிக்குமோ அப்படித்தான் அவனும் விழித்தான். கல்லில் இருந்த சொல்லை அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லியும் அது செல்லவில்லை.

நான் ஹைக்கூவைப் பிடித்ததற்குப் பெரிய இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்தால் பாடப்புத்தகத்தின் உரையாடல்கள் தலையில் ஏறாது. ஹைக்கூ பதினேழு அசைதான். பல் தேய்க்கும் நேரத்துக்குள் மனதில் போட்டுக்கொள்ளலாம். நான் முதலில் மனப்பாடம் செய்தது பூசன் எழுதியது: "நனொஹன ய / ட்சுகி வ ஹிகஷி னி / ஹி வ நிஷி னி." வயல் முழுக்க மஞ்சள் கடுகுப்பூ, நிலவு கிழக்கில், சூரியன் மேற்கில். இதில் வினைச்சொல்லே கிடையாது. நிலவு, கிழக்கு, சூரியன், மேற்கு என்று நான்கு சொல் ஒரே இரவில் கைக்கு வந்தன. அதில் வரும் நிஷி, நான் தினமும் இறங்கும் ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கும் அதே நிஷிதான் என்று தெரிந்தபோது, இத்தனை மாதமாக ஒலியாக மட்டும் கேட்ட ஊர்ப் பெயருக்கு முதல்முறையாகத் திசை கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் நோட்டு வாங்கினேன்.

மேசையில் தட்டிய விரல்

சனிக்கிழமை காலைகளில், சமுதாயக் கூடம் ஒன்றில் நடக்கும் இலவச ஜப்பானிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். எனக்கு வாய்த்தவர் எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியை. சென்செய் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். என் நோட்டைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "முதலில் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார்.

ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து நமக்கு எல்லோருக்கும் தெரியும். எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். மஸவோக ஷிகி 1895இல் நாராவுக்குப் போனபோது பிறந்த கவிதை ஒன்று: "ககி குஎப / கனெ க நரு நரி / ஹோர்யூஜி." கடைசி வரி முழுவதும் ஒரு கோயிலின் பெயர் மட்டும். ஹோ, ர்யூ, ஜி என்று மூன்றுதானே வருகிறது, ஐந்து எங்கே? சென்செய் ஆள்காட்டி விரலால் மேசையில் ஐந்து தட்டுத் தட்டினார். ஹோவுக்கு இரண்டு, ர்யூவுக்கு இரண்டு, ஜிக்கு ஒன்று. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று! பள்ளிக்கூடத்தில் கைநொடிப் பொழுது, கண்ணிமைப் பொழுது என்று ஒப்பித்தது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இந்தக் கட்டுரையில் ஹைக்கூ வரிகளைத் தமிழில் எழுதும்போது குறிலைக் குறிலாகவே எழுதியிருப்பதும் இதனால்தான். படிக்க விநோதமாக இருந்தாலும், 'ட்சு' என்பதை ஒரே எழுத்தாக வைத்து எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணக்கு இடறியது. "யஸெகஎரு / மகெருன இஸ்ஸ / கொரெ னி அரி." மெலிந்த தவளையே, தோற்காதே, இஸ்ஸா இங்கே இருக்கிறேன். தவளைகள் முண்டியடித்துச் சண்டை போடுவதைப் பார்த்து, இளைத்ததின் பக்கம் நின்று இஸ்ஸா பாடியது. நடுவரியில் ஏழு வர வேண்டும். நான் தட்டினால் ஆறுதான் வந்தது. இஸ்ஸாவின் பெயருக்கு நான் இரண்டு தட்டினேன், சென்செய் மூன்று தட்டினார். இ, ஸ், ஸ. நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை. அவர்களுக்கு அந்த நடு நிறுத்தமும் முழுசாக ஒன்று. இது தெரியாததால்தான் கடைகளில் நான் பேசுவதை இரண்டாவது முறை கேட்கிறார்கள் என்பதும் அப்போது விளங்கியது. 'மகெருன' என்ற சொல்லைப் பற்றியும் சென்செய் ஒன்று சொன்னார்: "இதை இன்றைக்கும் பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர் கத்துவார்கள். தைரியமாகப் பயன்படுத்துங்கள்." நண்பனின் கோயம்பேட்டில் செல்லுபடியாகும் முதல் நாணயம் எனக்கு இஸ்ஸாவிடம் கிடைத்தது. இந்தக் கவிதையின் தவளையும், கவனியுங்கள், கயெருதான்.

பழத்தைக் கடித்தால் மணி அடிக்குமா?

நண்பன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும். ஷிகியின் கவிதையையே எடுத்துக்கொள்ளலாம். ககி என்பது இலையுதிர்காலத்தில் இலை கொட்டிய மரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தொங்கும் பழம். பாடப்புத்தகத்தில் 'எப' என்று முடியும் வினை வந்தால் 'ஆல்' என்று பொருள் படித்திருந்தேன். ஆகவே நோட்டில் "ககி பழம் தின்றால் மணி அடிக்கும், ஹோர்யூஜி" என்று எழுதினேன். என்ன மந்திரமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். பழைய இலக்கணத்தில் 'தின்றால்' என்பதற்கு 'குவப' என்ற வேறு வடிவம் இருந்தது. 'குஎப' என்றால் தின்னும்போது, தின்ன. ககி பழத்தைத் தின்ன, மணி ஒலிக்கிறது, ஹோர்யூஜி. அவ்வளவுதான். இன்றைய மொழியில் அந்த 'எப' நிபந்தனைக்குப் போய்விட்டது. போதாததற்கு இந்தச் சொல்லை எழுதியிருப்பது 'குஹெப' என்று, படிப்பது 'குஎப' என்று. 1946இல் எழுத்துமுறையை மாற்றும்வரை இப்படித்தான். பட்டாம்பூச்சியை 'தெஃபுதெஃபு' என்று எழுதி 'சோச்சோ' என்று படித்திருக்கிறார்கள். குஉ என்ற வினையும் இன்று ஆண்கள் நண்பர்களுக்குள் பேசும் முரட்டுச் சொல். அலுவலகத்தில் தபெரு என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே வரியில் இத்தனை பள்ளம்.

அடுத்தது வேற்றுமை உருபுகள். 1689இல் பாஷோ வடக்கே நடந்து ஹிரயிஸுமி போய்ச் சேர்கிறார். சரியாக 500 வருடத்துக்கு முன்னால் யோஷிட்சுனே என்ற வீரன் மடிந்த ஊர். இப்போது புல்தான் இருக்கிறது. "நட்சுகுஸ ய / ட்சுவமொனொதொமொ க / யுமெ நொ அதொ." பாடப்புத்தகம் 'க' என்றால் எழுவாய் என்று சொல்லித்தந்திருந்தது. வீரர்கள் என்ன செய்கிறார்கள் என்று வினையைத் தேடினேன், வினையே வரவில்லை. பழைய மொழியில் 'க' உடைமை உருபு. கோடைப் புல், வீரர்களின் கனவு கிடந்த தடம். 'நொ' என்றால் உடைமை என்று படித்திருந்தேனே, அதுவோ பட்ட கிளையில் காக்கை வந்து உட்காரும் பாஷோவின் இன்னொரு கவிதையில் எழுவாயோடு வந்து நிற்கிறது. இரண்டும் இடம் மாறிக்கொண்டன என்றே சொல்லலாம். அடிப்படையில் தடுமாறும் ஒருவருக்கு இது நல்லதல்ல என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மறுவாரம் கஸுமிகஸெகி நிலையத்தில் பெயர்ப்பலகை முன்னால் நின்றுவிட்டேன். கஸுமி என்றால் மென்பனி மூட்டம், ஸெகி என்றால் பழங்காலச் சோதனைச் சாவடி, நடுவில் இருக்கும் 'க' பாஷோவின் வீரர்களோடு வந்த அதே 'க'. பனிமூட்டத்தின் சாவடி. அரசு அலுவலகங்கள் நிறைந்த அந்த இடத்தில், ஆயிரக்கணக்கானோர் தினமும் தாண்டிப் போகும் ஒரு பலகையில் பழைய இலக்கணம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

குதிக்கும்

இத்தனையும் சொன்னது ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்வதற்காகத்தான். ஜூன் மாதம், மழைக்காலம். வகுப்பில் அன்று நாங்கள் மூன்றே ஜோடி. நான் ஒருவழியாகத் தவளைக் கவிதைக்கு வந்திருந்தேன். 1686இல் எழுதியது, உலகத்துக்கே தெரிந்தது என்பதால் கடைசிக்கென்று ஒத்திப்போட்டிருந்தேன்.

"ஃபுருஇகெ ய / கவஸு தொபிகொமு / மிஸு நொ ஒதொ."

சொற்கள் எல்லாம் தெரியும். பழைய குளம், தவளை, குதித்து உள்ளே போவது, நீர், ஓசை. என்னிடம் இருந்த ஆங்கிலப் புத்தகத்தில் மூன்று வரியாகப் பிரித்து, குளத்துக்குப் பின் ஒரு கோடு, தவளை குதிப்பதற்குப் பின் ஒரு புள்ளி போட்டிருந்தார்கள். சென்செய் கொண்டுவந்த புத்தகத்தில் அது மேலிருந்து கீழாக ஒரே வரியாக இருந்தது. ஜப்பானியத்தில் ஹைக்கூவைப் பொதுவாக அப்படித்தான் அச்சிடுகிறார்கள், இடைவெளிகூட விடுவதில்லை. நான் கேட்டேன்: "தொபிகொமு என்ற இடத்தில் வாக்கியம் முடிகிறது, இல்லையா? தவளை குதிக்கிறது. அப்புறம் நீரின் ஓசை." சென்செய், "முடிகிறது என்று யார் சொன்னது?" என்றார். "அப்படியானால் தவளை குதிக்கிற நீர் என்று சேர்த்துப் படிக்க வேண்டுமா?" "அப்படியும் படிக்கலாம்." "எது சரி?" நான் இந்தக் கேள்வியை மூன்று முறையாவது வேறு வேறு விதமாகக் கேட்டிருப்பேன். எத்தனை தவளை என்றும் கேட்டேன். ஜப்பானைப் பற்றி நிறைய எழுதிய லஃப்காடியோ ஹெர்ன் ஆங்கிலத்தில் தவளைகள் என்று பன்மையில் எழுதியிருக்கிறார், மற்றவர்கள் ஒரு தவளை என்கிறார்கள். எனக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது.

அவர் என் ஆங்கிலப் புத்தகத்தை மெதுவாக மூடித் தள்ளி வைத்தார். "உங்கள் வீட்டில் பேசும் மொழியில் இது எப்படி வரும்?" என்று கேட்டார்.

இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஜப்பானியம் எனக்கு ஆங்கிலத்தின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அகராதி ஆங்கிலம், இலக்கண விளக்கம் ஆங்கிலம், நோட்டின் குறிப்புகளும் பாதிக்கு மேல் ஆங்கிலம். காகிதத்தில் அவசரமாக எழுதினேன்: பழைய குளம், தவளை குதிக்கும் நீர் ஓசை. ஒவ்வொரு சொல்லாக அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். குதிக்கும் என்ற சொல்லில் வாய் நின்றுவிட்டது.

அது முடிகிறதா, அடுத்த சொல்லைத் தழுவுகிறதா? மழை பெய்யும் என்றால் முழு வாக்கியம். மழை பெய்யும் நேரம் என்றால் நேரத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று, செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம் என்று தமிழய்யா கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் போட்டது ஞாபகம் வந்தது. தொபிகொமுவும் அதேதான். பழைய ஜப்பானியத்தில் எல்லா வினைக்கும் இந்தச் சலுகை கிடையாது. விழுவது என்ற வினை 'ஒட்சு' என்று முடியும், பெயரைத் தழுவும்போது 'ஒட்சுரு' என்று மாறும். பாஷோவின் வினை இரண்டு இடத்திலும் ஒரே உருவத்தில் நிற்கும் வகை. தமிழிலும் எல்லா வடிவமும் இதைச் செய்யாது. குதித்தது என்றால் கதவு சாத்திவிடும், குதித்த என்றால் அடுத்த சொல்லுக்காகக் காத்து நிற்கும். ஆள் என்றால் இன்றைய தமிழில் குதிப்பான், குதிப்பார் என்று போய்விடும். தவளையாக இருப்பதால்தான் குதிக்கும். அது ஒன்றா பலவா என்ற கேள்விக்கும் பதில் அந்தச் சொல்லிலேயே இருந்தது. தவளை குதிக்கும், தவளைகள் குதிக்கும். 'தவளை' என்று வெறுமனே சொன்னால் ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இதற்கு நம் இலக்கணத்தில் பெயரே இருக்கிறது.

இதையெல்லாம் என் திக்கல் ஜப்பானியத்தில் சொல்லி முடிக்க அரைமணி ஆகியிருக்கும். சென்செய் இடையில் பேசவே இல்லை. கடைசியில், "அப்படியானால் உங்களுக்கு ஏன் அந்தக் கேள்வி வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ரயிலில் அந்தக் கேள்வியோடுதான் வந்தேன். ஆங்கிலம் ஒரு முடிவைக் கேட்கும். ஒன்றா பலவா, முடிந்ததா தொடர்கிறதா என்று சொல்லாமல் அங்கே வாக்கியம் நகராது. அது அந்த மொழியின் நடை, அதில் குற்றம் இல்லை. நான்தான் அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டுத்தான் ஜப்பானியத்துக்குள் நுழைய வேண்டும் என்று இரண்டு வருடம் வாசலிலேயே நின்றிருக்கிறேன். பாஷோவிடம் முதலில் இருந்தது பின்னிரண்டு வரிகள்தான் என்றும், முதல் வரிக்கு யமபுகி என்ற மஞ்சள் பூவை வைக்கலாம் என்று சீடர் கிககு சொன்னார் என்றும், பாஷோ அதை விட்டுவிட்டுப் பழைய குளத்தை வைத்தார் என்றும் அவருடைய இன்னொரு சீடர் ஷிகோ எழுதி வைத்திருக்கிறார். ஆக, 'தவளை குதிக்கும் நீர் ஓசை' என்பது குளம் வருவதற்கு முன்பே அவர் காதில் ஒரே மூச்சாக இருந்திருக்கிறது. அதை நான் துண்டு போட்டுத் தீர்ப்பு கேட்டிருக்கிறேன்.

பாரதியை நினைத்துக்கொண்டேன். 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது, ஆங்கிலத்தில் எழுதிய ஜப்பானியக் கவிஞர் நோகுச்சி வழியாகத்தான் அவருக்கு அது கிடைத்தது. வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. அதில் வீடு எரிந்துபோன ஹொகுஷியின் கவிதையைத் 'தீப்பட்டெரிந்தது' என்று தொடங்கியிருப்பார். மூலத்தில் அது "யகெ னி கெரி." யகெ, எரிவது. 'னி' என்பது ஒரு துணைவினையின் உருவம். போய்விடுவது என்று பொருள்படும் பழைய வினை ஒன்றிலிருந்து அது வந்தது என்று கருதுகிறார்கள். 'கெரி' என்பது, அட, இப்படி ஆகிவிட்டிருக்கிறதே என்று திடீரென உணர்வதன் குறி. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: எரிந்துபோயிற்றே. 'போ' அங்கேயும் இருக்கிறது இங்கேயும் இருக்கிறது, கெரியின் வேலையை நம் கடைசி ஏகாரம் செய்கிறது. பாரதி கையில் மூலம் கிடைத்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று பலநாள் யோசித்திருக்கிறேன்.

இதை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானிய அறிஞர் சுஸுமு ஓனோ அப்படி ஒரு உறவைச் சொன்னதும், மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்காததும் நமக்குத் தெரிந்த கதை. உறவு நிரூபணமாகாமலே இரண்டு வீட்டில் சமையலறை ஒரே பக்கம் இருக்கலாம். எனக்கு அந்தச் சமையலறை போதும். அந்த ஜூனுக்குப் பிறகு குறிப்புகளைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். 'தொ ஒமொஉ' என்பதற்கு என் ஆங்கிலப் புத்தகம் பக்கக் கணக்கில் விளக்கம் கொடுத்திருந்தது. 'என்று நினைக்கிறேன்' என்று எழுதி அடுத்த பாடத்துக்குப் போனேன்.

நண்பன் சொன்னது இன்னும் பாதி உண்மையாகவே இருக்கிறது. வரி அலுவலகக் கடிதத்தைப் படிக்கவோ, பல் மருத்துவரிடம் எந்தப் பல் என்று சொல்லவோ பாஷோ உதவவில்லை. அவற்றைத் தனியாக, அலுப்போடுதான் படித்தேன், இன்னும் படிக்கிறேன். 'ய' என்ற அந்த ஓரெழுத்துக்கு, குளத்துக்குப் பின்னால் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவைக்கிற அதற்கு, தமிழில் ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. கோடு போட மனம் வரவில்லை, இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

போன மாதம் வகுப்பு முடிந்து குடையை எடுக்கும்போது சென்செய், அன்றைக்கு நீங்கள் எழுதிய சொல்லை இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். தன் நோட்டில், அயல்மொழிச் சொற்களை எழுதும் கதகானா எழுத்தில் எழுதிக்கொண்டார். ன் தவிர வேறு மெய்யில் முடிகிற சொல் அவர்களுக்கு வசப்படாது, குதிக்குமு என்று ஆகிவிட்டது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி மேசையில் விரலால் தட்டினார். கு, தி, க், கு, மு. "ஐந்து! அப்படியே ஹைக்கூவுக்குள் உட்கார்ந்துவிடும்" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. நான் என் கணக்கில் தட்டிக் காட்டினேன். ஒன்று, ஒன்று, அரை, ஒன்று, அரை. நான்குதான் வந்தது. அரை மாத்திரையை எப்படித் தட்டுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. விரலைப் பாதி தூக்கி நிறுத்தினேன். அவரும் அதேபோல் நிறுத்திப் பார்த்தார்.